ஒரு நாள்தானே

இலையைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து, தண்ணீர் சுற்றிவிட்டு, கணவன் தாயுமானவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கா கா என்று கூப்பிட்டபோது, மங்கையர்க்கரசிக்குத் தொடை இரண்டும் நனைந்த சாக்குப் போலக் கனத்துப்போயிருந்தன. லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும், அதற்குமேல் மொட்டைமாடிக்குப் படிகள்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி என்று அவள் ஏறி வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஏறிய நாத்தனார் சௌந்தரவல்லி, முழங்காலுக்குப் பட்டை கட்டியிருப்பவள், மேலே போய் நின்று திரும்பிப் பார்த்து, "உன்னைவிட நான் எத்தனை வயசு பெரியவ மங்கை, என்னைப் பாரு" என்று சிரித்தாள். குத்தல் இல்லை, வெறும் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மாமியார் செத்து மூன்றாவது வருஷத் திதி இது. காகம் சோற்றைத் தொட்டால் போனவள் வந்து சாப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் வாயில் ஒரு பருக்கை வைக்கலாம். காகம் வரவில்லை. புறாக்கள் வந்தன. சௌந்தரவல்லி முந்தானையை உதறி அவற்றை விரட்டினாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ காயப்போட்ட போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு காகம் கத்தியது, நாலு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள், அது இவர்கள் பக்கம் பார்க்காமல் மலைக்கோட்டைப் பக்கமாகப் பறந்து போய்விட்டது. நாலாவது ஆள் மகள் நிறைமதி. பதினாலு வயது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தாள். கொட்டாவி விட்டாள். மங்கையர்க்கரசி அந்தக் கொட்டாவியைப் பார்த்தாள். வாய் ஒரே சீராகத் திறந்ததா, இடது பக்கம் கொஞ்சம் தாமதமாகத் திறந்ததா என்று பார்த்தாள். சீராகத்தான் திறந்தது. அப்படித்தான் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது, சரியாகத் தெரியவில்லை.

ஒரு நாள்தானே என்று தாயுமானவன் சொன்னார். காலையில், சமையலறை வாசலில் நின்றுகொண்டு, குளித்த ஈரம் சொட்டச் சொட்ட, குரலைத் தாழ்த்தி. அக்கா ஹாலில் இருக்கிறாள், காதில் விழுந்துவிடும் என்ற பயத்தில் தாழ்ந்த குரல். சத்துமாவுக் கஞ்சியை மங்கையர்க்கரசி விடிந்ததும் காய்ச்சிவிட்டிருந்தாள். மூடி வைத்து மகளின் அறைக்கு எடுத்துப் போகும்போது அந்த வறுத்த வாசம் முன்னால் போய்விட்டது, மூடி போட்டு அடக்க முடியாத வாசம் அது. "யாருக்குடி கஞ்சி? இன்னிக்கா?" என்று சௌந்தரவல்லி கோலமாவு டப்பாவோடு எதிரே வந்தாள். மதிக்கு அண்ணி, அவ வெறும் வயித்தோட இருக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்காங்க என்று இவள் சொன்னாள். எத்தனை தடவை சொன்ன வாக்கியம், சொல்லிச் சொல்லி அதில் உப்பே போய்விட்டது. "பதினாலு வயசுப் பொண்ணு. எங்கம்மாவுக்கு இவதான் உசுரு. ஒரு வேளை இருக்க மாட்டாளா?" என்றாள் சௌந்தரவல்லி. கோபமாகச் சொல்லவில்லை, கண் கலங்கச் சொன்னாள், அதுதான் கஷ்டம், கோபத்துக்குப் பதில் சொல்லலாம். அப்போதுதான் மதி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்குப் பசிக்கல அத்தை. நானும் இருக்கேன்" என்றாள். பசிக்கவில்லையாம். பசியைக் கேட்டா கொடுக்கிறோம்? அந்தக் குழந்தைக்குப் பசி என்பது மணி பார்த்து வாயில் போடுகிற மருந்து. அத்தை அவள் தலையைத் தடவினாள், பாலுக்குத் தோஷமில்லை என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். தாயுமானவன் வந்து ஒரு நாள்தானே என்றார். குருக்கள் வெள்ளனவே வந்துடுவாரு, சீக்கிரம் முடிஞ்சிடும், அக்கா எத்தனை வருஷத்துக்கு அப்புறம் வந்திருக்கா, ஒரு நாள்தானே. குருக்களுக்கு இன்றைக்கு இன்னும் மூன்று வீடு. அவர் வந்தபோது வெயில் பால்கனியைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டது. அதுவரை மங்கையர்க்கரசி ஸ்டூலில் உட்கார்ந்து சமைத்தாள். வாழைக்காய், புடலங்காய்க் கூட்டு, பாகற்காய், பிரண்டைத் துவையல், உளுந்து வடை, பாயசம். எதிலும் உப்புப் பார்க்கக் கூடாது. படைப்பதற்கு முன் நாக்கில் படக் கூடாது. கையில் தெறித்த பருப்பைக்கூட அவள் குழாயில் கழுவினாள். கழுவினபோது விரலைப் பார்த்தாள், நடுங்கியது. சிங்க்கில் கஞ்சி கொட்டியிருந்த அடையாளம், வெள்ளையாக, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. மதிதான் கொட்டியிருக்க வேண்டும். ஏன் நான் பிடித்து வைத்துப் புகட்டவில்லை? அந்தக் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு ஏன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தவில்லை? யாரும் கட்டி வைக்கவில்லையே. ஒரு நாள்தானே என்று எனக்கும் எங்கோ தோன்றியிருக்கிறது. அதுதான் உண்மை. இந்த வீட்டில் ஒரு நாளாவது நல்ல மருமகளாக இருந்துவிடலாம் என்ற நப்பாசை, அதை எந்த ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுவது.

"கூப்பிடுடா தம்பி, நல்லாக் கூப்பிடு. மனசாரக் கூப்பிட்டாத்தான் வரும்" என்றாள் சௌந்தரவல்லி. தாயுமானவன் மனசாரக் கூப்பிட்டார். மலைக்கோட்டைச் சாமியின் பெயர் அவருக்கு. ஆற்றில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் போனபோது, பிள்ளை பெறுகிறவளுக்குத் தாயாகவே வந்து நின்ற சாமி. பெயர் வைத்தவர்களுக்கு என்ன தெரியும். சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், மதியைப் படுக்கவைத்துவிட்டு இவர்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த டாக்டர், சின்னப் பெண், மூக்குத்தி போட்டவள், ஒரு தாளில் வட்டம் போட்டு வட்டத்துக்குள் சின்னச் சின்னதாக அவரைக்கொட்டை மாதிரி வரைந்தாள். இதுதாம்மா மைட்டோகாண்ட்ரியா, நாம சாப்பிடறதைச் சக்தியா மாத்தறது இதுதான், உங்க பொண்ணுக்கு இதுல நிறையப் பழுது, உங்களுக்கும் இருக்கு, உங்களுக்குக் கொஞ்சம், அவளுக்கு அதிகம். மங்கையர்க்கரசிக்கு அந்தப் பெயர் தெரியும். பத்தாம் வகுப்பில் செல்லின் ஆற்றல் மையம் எது என்று கேட்டிருந்தார்கள், ஒரு மார்க் கேள்வி, சரியாக எழுதி அந்த ஒரு மார்க்கை வாங்கியிருக்கிறாள். எழுதின கைக்குள்ளேயே அது கெட்டுப்போய்க் கிடந்திருக்கிறது. "இது அம்மாகிட்டேருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும். அப்பாவோடது போகாது" என்றாள் டாக்டர். சொல்லிவிட்டு, இதுல யார் தப்பும் இல்லைங்க என்று உடனே சேர்த்துக்கொண்டாள், நல்ல பெண். ஆனால் அதற்குள் மங்கையர்க்கரசி பார்த்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தாயுமானவனின் தோள் இரண்டும் அத்தனை நேரமும் காதுவரைக்கும் ஏறியிருந்தவை, மெதுவாக இறங்கின. மூச்சு விட்டார். அவருக்கே தெரியாமல் விட்ட மூச்சு. மகளுக்காக ராத்திரியெல்லாம் அழுத மனுஷன்தான், பொய்யில்லை, இருந்தாலும் அந்தத் தோள் இறங்கினதை அவள் பார்த்தாள். சாயங்காலம் வராந்தாவில் போன் பேசினார். "எங்க வழியில இல்லக்கா. மங்கை வழியாம்." எங்க வழியில். அந்த இரண்டு வார்த்தை எங்கே போனாலும் காலுக்குக் குறுக்கே வந்து விழுகிறது. மங்கை வழி என்றால் யார்? அம்மா. அம்மாவுக்கு இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும், ஊரில் தூங்குமூஞ்சி விசாலம் என்பார்கள், அவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள், காதும் அவ்வளவாகக் கேட்காது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவாள், சட்டியில் இல்லாவிட்டால் ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை விரதம், கார்த்திகை விரதம், சஷ்டிக்கு ஆறு நாள். ஒரு சஷ்டியில் நாலாம் நாள் பித்தமாக வாந்தி எடுத்துக் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு இரைக்க நின்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், பக்தி முத்திப்போச்சு என்றார். அம்மாவுக்குத் தன் உடம்பு எதனால் தன்னைக் கைவிடுகிறது என்று கடைசிவரை தெரியாது. சாமிக்குப் போதவில்லை போல என்று நினைத்து இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டாள். நாற்பத்தெட்டில் போனாள். அவளுக்கு இந்த மாடியில் யாரும் கா கா என்று கூப்பிடப்போவதில்லை.

"தம்பி, அந்தப் பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஓரமா வை. அம்மாவுக்குப் பாயசம்னா அப்படிப் பிடிக்கும்." தாயுமானவன் ஓரமாக வைத்தார். பாயசம் வெல்லப் பாயசம், நெய்யில் முந்திரி மிதக்கிறது. காகம் வந்துவிட்டால் அடுத்து இலை போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரிமாறி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று பாயசத்தை ஊற்றுவார்கள். காலையிலிருந்து பட்டினி, பிறகு ஒரேயடியாக விருந்து. டாக்டர் வேண்டாம் என்று சொன்னதே இந்த இரண்டும்தான். வயிறு ரொம்ப நேரம் காலியா இருந்தா உடம்பு கொழுப்பை எரிக்கப் போகும்மா, இவங்களால அதை முழுசா எரிக்க முடியாது, திணறும், ரத்தத்துல அமிலம் ஏறும். அதுக்குன்னு ஒரேயடியா இனிப்பைக் கொட்டினாலும் அதே அமிலம் ஏறும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, சோறோ இட்லியோ கஞ்சியோ, கூடவே பருப்பு, தூங்கப் போகும்போது மெதுவாச் செரிக்கிற மாதிரி ஒண்ணு, காய்ச்சல் வந்தா இன்னும் சீக்கிரம் சீக்கிரமா, வாந்தின்னா தாமதிக்காம டிரிப்ஸுக்கு வந்துடணும். இவ்வளவுதானா டாக்டர் என்று தாயுமானவன் ஏமாற்றமாகக் கேட்டார். மருந்து ஒன்றும் பெரிசாக இல்லை, சாப்பாட்டில் குணமாகாது, கவனமாக இருந்தால் மோசமாகாமல் தள்ளலாம், அவ்வளவுதான். அவருக்கு அது பிடிக்கவில்லை. நோயைக் கண்டுபிடிக்கிறதுக்குச் சில வருஷம் முன்னால் அவர் ஆபீஸில் ஒருத்தர் பேலியோ என்று ஆரம்பித்துத் தொப்பையைக் கரைத்துக் காட்ட, இவரும் வீட்டுக்குள் கொண்டுவந்தார். மங்கைக்குச் சர்க்கரை இருக்கிறது, அரிசிதான் விஷம், இனிமேல் பனீரும் பாதாமும் நெய்யும். மூட்டையாக வாங்கி வந்தார். ஆசையோடுதான் வாங்கி வந்தார். இரண்டு வாரத்தில் அவளால் தலைக்குமேல் கையைத் தூக்கிப் பின்னல் போட முடியவில்லை, மாவு ஆட்டின கையைப் போலத் தோள் நாளெல்லாம் கடுத்தது. முதல்ல அப்படித்தான் இருக்கும், உடம்பு பழகணும் என்று அவர் போனில் படித்துக் காட்டினார். மாமியார் அப்போது உயிரோடு இருந்தாள். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "அவளுக்குச் சாப்பாடு எதைக் குடுத்தாலும் ஒண்ணுதான், வேலைன்னு வந்தா வலிக்கும்" என்றாள். டாக்டரிடம் இதைச் சொன்னபோது, சில குழந்தைங்களுக்கு வலிப்புக்காக நாங்களே கொழுப்புச் சாப்பாடு குடுப்போம்மா, ஆனா அளந்து, கூடவே இருந்து பார்த்து, எல்லாருக்கும் அது இல்ல, சிலருக்குத் தசையே கரைஞ்சுபோகும், உங்களுக்கு யாரு சொன்னா என்று கேட்டாள். தாயுமானவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் அடுத்தவர் வயிற்றைப் பற்றி ஒரு யோசனை இருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள் வரகும் சாமையும் தின்னச் சொல்கிறாள். சொந்தக்காரர் ஒருவர் வாரம் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் செல்லெல்லாம் புதுசாகும் என்று தினமும் படம் அனுப்புகிறார். செல்லாம். அவருக்குச் செல் என்றால் என்ன தெரியும், எனக்கும்தான் என்ன தெரியும், ஒரு மார்க்குக்குத் தெரியும்.

மாமியார் வர மாட்டாள். வந்தாலும் நான் சமைத்ததில் ஏதாவது குறை சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பாள், உப்புப் பார்க்காத சமையல் வேறு. இப்படி நினைத்ததும் மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு தலை லேசாகச் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் சுட்டது. மெத்தனம் என்பது மாமியாரின் வார்த்தை. மெத்தனமா எழுந்திருக்கா, மெத்தனமாப் பெருக்கறா, மெத்தனமாப் பேசறா. கண் சொருகினால் ராங்கி, கை நடுங்கினால் நடிப்பு. அந்த வீட்டில் அவள் பாத்ரூமுக்குள் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு, தோலை இடுப்பில் சொருகிக்கொண்டு, நின்றபடி. கர்ப்பமாக இருந்தபோதுகூட. அப்படியெல்லாம் இருந்தும் அந்தக் கிழவியைக் கடைசி மூன்று மாதம் ஊட்டிப் பார்த்துக்கொண்டவள் இவள்தான். சௌந்தரவல்லி அப்போது மகளின் பிரசவத்துக்காகப் புனேயில் இருந்தாள். கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே விழுந்து அழுதாள். அதனால்தான் இத்தனை பிடிவாதம், இந்தப் புறா விரட்டல், இந்தப் பாயசத்தை ஓரமாக வை. அது இவளுக்குத் தெரியாமலில்லை. மாமியாருக்கு முழுங்க முடியாமல் போன நாட்களில் ஒரு மத்தியானம், கரைத்த சாதத்தை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வாயோரம் வழிந்ததைத் துடைக்கப்போன இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாப்டியா?" என்று கிழவி கேட்டாள். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை. இவள் ஆச்சு அத்தை என்றாள். ஆகவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்றுவரை தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் கிழவி என்ன செய்திருப்பாள், ஸ்பூனையா திருப்பிக் கொடுத்திருப்பாள், இருந்தாலும் இல்லை என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

மதி இடது கையை மடியில் போட்டு வலது கையால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நீவுகிறாள்? மங்கையர்க்கரசியின் நினைப்பு அத்தனையும் சட்டென்று நின்றது. போன வருஷம் அரைப் பரீட்சை. காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்தது, படிக்கணும் படிக்கணும் என்று காலையில் சாப்பிடாமல் போனாள், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இடது கையில் ஆரம்பித்ததாம், விரல்கள் தானாகத் துடித்தனவாம், அதைப் பார்த்துப் பக்கத்துப் பெண் சிரித்தாளாம், அப்புறம்தான் விழுந்தாளாம். பிறகு எத்தனையோ நாள் அவளுக்கு இடது பக்கம் இருப்பது தெரியவில்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு மறு பாதியை அப்படியே வைத்துவிட்டு, அவ்வளவுதானாம்மா என்று கேட்பாள். மங்கையர்க்கரசி தட்டைத் திருப்பி வைப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை வந்தது, கையும் வந்தது, எழுத்துத்தான் கோணல். இப்போது ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அதற்காகத் தலைமையாசிரியையிடம் போய் நின்று கேட்டு வாங்கிய அனுமதி. வகுப்பில் அவளுக்கு டிஃபன் டப்பா என்று பெயர். டிஃபன் டப்பா வருது என்பார்களாம். இதை மதி சொல்லவில்லை, அவளுடைய நோட்டு அட்டையில் யாரோ பால்பாயிண்டில் கீறியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால்தானே இன்றைக்கு நானும் இருக்கேன் என்றாள், எல்லோரையும் போல ஒரு நாள், பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு நாள். அந்த ஆசை எனக்கும் இருந்ததே, பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டவளுக்குத் தெரியாதா. விரல் நீவுகிறாள். வெறுமனே நீவுகிறாளா? மரத்துப்போனால் நீவுவார்கள். சும்மா இருந்தாலும் நீவுவார்கள். "மதி, கையில என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள் மதி, தலையைத் தூக்காமல். "தலை வலிக்குதா?" "இல்லங்கறேன்ல." அந்தக் கடைசி வார்த்தை நாக்கில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. இழுத்ததா? கோபத்தில் இழுத்ததா? "சும்மா குழந்தையைப் படுத்தாதே மங்கை" என்றாள் சௌந்தரவல்லி. "நீ பயமுறுத்திப் பயமுறுத்தித்தான் அவ இப்படி இருக்கா. அம்மா மனசுல ஏதோ குறை, அதான் வர மாட்டேங்கறா. இன்னும் கொஞ்சம் பாப்போம்." இன்னும் கொஞ்சம். "என்னங்க" என்றாள் மங்கையர்க்கரசி. அவர் திரும்பினார். அவர் முகத்தில் எல்லாம் இருந்தது, மகள்மேல் பயம், அக்காமேல் பயம், அம்மா நினைப்பு, பசி. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் மறுபடி வானத்தைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

மங்கையர்க்கரசி நடந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. மெதுவாகத்தான் போனாள், வேகமாகப் போக அவளால் முடியாது. சுவரோரம் போய் இலையின் முன் நின்றாள். சோறு ஆறிப்போய் மேலே காய்ந்திருந்தது. பருப்பில் நெய் உறைந்திருந்தது. விரலால் சோற்றையும் பருப்பையும் சேர்த்துப் பிசைந்தாள், உருட்டினாள், தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். உப்புக் கொஞ்சம் கம்மி. முழுங்கினாள். சௌந்தரவல்லி கத்தினாள். "அடிப்பாவி! படைச்ச இலைடி! எங்கம்மா இலைடி அது!" தாயுமானவன், மங்கை, மங்கை என்று இரண்டு தடவை கூப்பிட்டார், காகத்தைக் கூப்பிட்ட அதே குரல், அதிலிருந்து இன்னும் இறங்காத குரல். "எச்சில் பண்ணிட்டேன் அண்ணி" என்றாள் மங்கையர்க்கரசி. அவள் நினைத்ததைவிடக் குரல் சாதாரணமாக இருந்தது. "இனிமே இதுக்குக் காக்கா வரக் கூடாது. காத்திருக்கறதுக்கு ஒண்ணுமில்ல." இலையை அடியில் கைகொடுத்து ஏந்திக்கொண்டு மகளிடம் திரும்பினாள். சௌந்தரவல்லி சுடும் தரையில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, அம்மா பசியோட போறாளே, அன்னிக்கும் நான் வரல, இன்னிக்கும் பசியோட போறாளே என்று அழுதாள். அது நிஜமான அழுகை. மங்கையர்க்கரசிக்கு அந்த அழுகை முதுகில் பட்டது. திரும்பிப் போய் அந்தத் தோளைத் தொடலாம், தொட்டால் இரண்டு பேரும் அழலாம், ஆனால் கையில் இலை இருந்தது, கால் நிற்காது, எதிரே மதி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா இப்படிப் பண்றே? என்னை ஏம்மா இப்படி அசிங்கப்படுத்தறே? நான் இருந்திருப்பேன்ல, நான் கேட்டேனா உன்னை?" சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் விறுவிறுவென்று போனாள். கதவுவரைக்கும்தான். நிலையைப் பிடித்தாள், இடது கையால் பிடித்தாள், அது பிடிக்கவில்லை, வழுக்கியது, முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. உட்கார்ந்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

தாயுமானவன் படையல் செம்போடு ஓடிவந்தார். "காரை எடுங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "ஃபைலை எடுத்து வைங்க. டாக்டருக்குப் போன் பண்ணுங்க. போங்க." அவர் மகளைத் தாண்டி, படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி, மதிக்கு நேர் எதிரில், முகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். "என்னைப் பாரு. சிரி." மதி சிரிக்கவில்லை, பல்லைக் காட்டினாள், வாய் சீராகத்தான் போனது. "தண்ணி முழுங்கு." அவர் படியில் வைத்துவிட்டுப் போன செம்பில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொடுத்தாள், இருமாமல் முழுங்கினாள். முழுங்க முடிகிறது. அப்படியென்றால் கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பாயசத்தை இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பருப்புச் சோற்றை நன்றாக மசித்து, சின்னதாக உருட்டி வாயருகே கொண்டுபோனாள். மதி உதட்டை இறுக்கிக்கொண்டாள். மேலே அத்தையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது, மதி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்க வலது கையைத் தூக்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் மங்கையர்க்கரசி அந்தக் கவளத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாளோ, தோள் கடுத்தது, கீழே வைக்கவில்லை. கடைசியில் மதி வாயைத் திறந்தாள். அதில் பிரியம் ஒரு துளி இல்லை. அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தபடி, தோற்றுப்போனவர்கள் கதவைத் திறப்பதைப் போலத் திறந்தாள்.

"உன்னை எனக்குப் பிடிக்கலம்மா" என்றாள், வாயில் சோற்றோடு.

"பிடிக்க வேண்டாம். முழுங்கு" என்றாள் மங்கையர்க்கரசி, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே.